தேய்மானத்துக்கு முந்தைய இயக்கச் செலவு: ஆண்டறிக்கையில் அச்சாகாத வரியைக் கணக்கிடுவது எப்படி

கேள்வி இதுதான்: சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு பேரங்காடி நிறுவனம். அதன் ஓராண்டு இயக்கச் செலவு ஓரிடத்தில் 366 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தரகு நிறுவனத்தின் ஆய்வறிக்கையில் 336 மில்லியன், மற்றோர் இடத்தில் 86 மில்லியன் என்று இருக்கிறது. ஆண்டறிக்கையைப் புரட்டினால் அப்படியொரு வரியே இல்லை. 'தேய்மானத்துக்கு முந்தைய இயக்கச் செலவு' என்றால் என்ன? எந்த எண்ணை நம்புவது?

மூன்றும் சரிதான். வட்டியும் வரியும் நீங்கலாக நிறுவனம் செலவில் எழுதிய எல்லாவற்றையும் கூட்டினால் 366. அதிலிருந்து தேய்மானத்தை எடுத்துவிட்டால் 336. விற்ற சரக்கின் அடக்கவிலையை ஒதுக்கிவிட்டு, கடை நடத்தும் செலவையும் அலுவலகச் செலவையும் மட்டும் கூட்டினால் 86. அதற்குள் தேய்மானம் இன்னும் அப்படியே இருக்கிறது. 'இயக்கச் செலவு' என்ற சொல்லுக்குக் கணக்கியல் தரநிலைகள் ஒரே வரையறை கொடுக்காததால் வந்த குழப்பம் இது. எண் கைக்கு வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். சரக்கின் அடக்கவிலை உள்ளே இருக்கிறதா? தேய்மானம் உள்ளே இருக்கிறதா? இரண்டுக்கும் விடை தெரியும்வரை அந்த எண்ணை வேறு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

தேய்மானத்தை ஏன் பிரிக்கிறார்கள்? ஊதியம், மின்கட்டணம், டீசல், பழுதுபார்ப்பு எல்லாம் இந்த ஆண்டு நடந்த வேலைக்கு இந்த ஆண்டையொட்டிக் கையைவிட்டுப் போகும் பணம். தேய்மானம் அப்படியல்ல. என்றோ வாங்கிய இயந்திரத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பங்கிட்டு, இந்த ஆண்டின் பங்கைச் செலவில் எழுதுவது. மென்பொருள், உரிமம் போன்ற புலனாகாச் சொத்துகளுக்கு அதையே செய்தால் அமார்ட்டைசேஷன். அந்த ஆயுளை முடிவுசெய்வது நிர்வாகம். 600,000 வெள்ளி இயந்திரத்துக்கு ஒருவர் 12 ஆண்டு ஆயுள் வைத்தால் ஆண்டுக்கு 50,000. இன்னொருவர் 15 ஆண்டு வைத்தால் 40,000. இயந்திரம் ஒன்றே, வேலையும் ஒன்றே, செலவு மட்டும் வேறு. இந்த அனுமான வேறுபாட்டை நீக்கிவிட்டு, அன்றாட நடப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்கத்தான் தேய்மானத்துக்கு முந்தைய செலவு. அதற்காக இயந்திரம் இலவசமாக வந்தது என்று ஆகிவிடாது. அந்தச் செலவை வேறு இடத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அறிக்கைக்குள் போவோம். செலவுகளை அடுக்க நிறுவனங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, செலவின் தன்மைப்படி: ஊதியம், எரிபொருள், பராமரிப்பு, தேய்மானம் என்று தனித்தனி வரி. போக்குவரத்து நிறுவனமான கம்ஃபர்ட்டெல்குரோ, விமான நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டும் இப்படித்தான் தருகின்றன. இங்கே வேலை எளிது: மொத்தச் செலவிலிருந்து தேய்மான வரியையும் அமார்ட்டைசேஷன் வரியையும் கழித்தால் முடிந்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல் இன்னும் வசதி. 'இயக்கச் செலவுகள்' என்று அது காட்டும் வரியிலேயே தேய்மானம் கிடையாது. அது கீழே தனி வரியாக வரும். இன்னொரு வழி, செலவு எந்த வேலைக்கு ஆனது என்பதன்படி: அடக்கவிலை, விநியோகச் செலவு, நிர்வாகச் செலவு. ஷெங் சியோங் போன்ற சில்லறை வியாபாரிகளும் பெரும்பாலான உற்பத்தி நிறுவனங்களும் இந்த முறைக்காரர்கள். இங்கே தேய்மானம் சாம்பாரில் கரைந்த புளி மாதிரி. எந்த வரியில் எவ்வளவு என்று மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஆனால் வேலைப்படி அடுக்கும் நிறுவனம் தேய்மானம், அமார்ட்டைசேஷன், ஊழியர் செலவு ஆகியவற்றின் மொத்தத்தைக் குறிப்புகளில் சொல்லியே ஆக வேண்டும் என்பது தரநிலையின் கட்டளை. ஆகவே தேடினால் கிடைக்கும்.

கேள்வியில் வந்த எண்களையே வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நிறுவனம் கற்பனை, வடிவம் நிஜ அறிக்கைகளில் காண்பதுதான். எல்லாம் மில்லியன் வெள்ளியில்.

விற்பனை வருவாய்: 400.0
விற்ற சரக்கின் அடக்கவிலை: 280.0
மொத்த லாபம்: 120.0
இதர வருமானம்: 6.0
விநியோகச் செலவு: 22.0
நிர்வாகச் செலவு: 60.0
இதர செலவு: 4.0
இயக்க லாபம்: 40.0

இதில் தேய்மானம் தனி வரியாக எங்கும் இல்லை. இப்போது ரொக்க ஓட்ட அறிக்கைக்குப் போங்கள். அதன் முதல் பகுதி லாபத்தில் தொடங்கி, பணம் போகாத செலவுகளைத் திரும்பக் கூட்டும். அங்கே இப்படி இருக்கிறது:

கட்டடம், இயந்திரம், உபகரணத் தேய்மானம்: 13.0
குத்தகைப் பயன்பாட்டு உரிமையின் தேய்மானம்: 15.0
புலனாகாச் சொத்துகளின் அமார்ட்டைசேஷன்: 1.2
உபகரண மதிப்பிழப்பு: 0.8
கடன் ஏற்பாட்டுக் கட்டணத்தின் அமார்ட்டைசேஷன்: 0.1
உபகரணத்தை விற்றதில் நட்டம்: 0.3

மொத்தச் செலவு 280, 22, 60, 4 சேர்ந்து 366. தேய்மானமும் அமார்ட்டைசேஷனும் 13.0, 15.0, 1.2 சேர்ந்து 29.2. மதிப்பிழப்பு, அதாவது சொத்தின் மதிப்பு சரிந்ததால் எழுதும் செலவு, 0.8. இதுவும் தேய்மானம் போலப் பணம் போகாத செலவு. இவற்றைக் கழித்தால் 336.0. சரியா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள்: இயக்க லாபம் 40.0, அதோடு 29.2, 0.8 கூட்டினால் 70.0. வருவாய் 400-லிருந்து 336 போக 64. இதர வருமானம் 6 சேர்த்தால் அதே 70. இரண்டு பக்கமும் ஒன்றாக வராவிட்டால் எங்கோ ஒரு வரியை இருமுறை கழித்திருப்பீர்கள், அல்லது விட்டிருப்பீர்கள்.

கடைசி இரண்டு வரிகளை ஏன் தொடவில்லை? கடன் ஏற்பாட்டுக் கட்டணம் பெயரளவில்தான் அமார்ட்டைசேஷன். அது வட்டிச் செலவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 366-க்குள் இல்லாத ஒன்றை 366-லிருந்து கழிக்க முடியாது. 'அமார்ட்டைசேஷன்' என்ற சொல் கண்ணில் பட்ட இடமெல்லாம் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை. உபகரணம் விற்ற நட்டம் 0.3 இதர செலவில் இருக்கிறது. அதைக் கழிப்பவர்களும் உண்டு, விடுபவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் ஒப்பிடும் எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

86 மில்லியனிலிருந்து தேய்மானத்தைக் கழிக்கும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. 86-லிருந்து 29.2-ஐயும் 0.8-ஐயும் எடுத்து 56.0 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த 29.2 முழுவதும் 86-க்குள் இல்லை. இறைச்சி வெட்டிப் பொட்டலமிடும் கூடமும் மையக் கிடங்கும் அடக்கவிலையில் சேர்பவை. அவற்றின் தேய்மானம் 3.5 என்று குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 86-லிருந்து கழிக்க வேண்டியது 25.7-உம் 0.8-உம் மட்டுமே, விடை 59.5. முதல் கணக்கு 3.5 மில்லியன் குறைவு, அதாவது ஏறத்தாழ 6 விழுக்காடு பிழை. உற்பத்தி நிறுவனத்தில் இந்தப் பிழை பன்மடங்காகும், ஏனென்றால் அங்கே தேய்மானத்தின் பெரும்பகுதி ஆலைக்குள்தான். குறிப்பில் இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் குறுகிய எண்ணைக் கணக்கிடாமல், அடக்கவிலையையும் சேர்த்த 336-ஐயே பயன்படுத்துவது நல்லது. அரைகுறைப் பிரிவினையைவிட முழு எண் மேல்.

உற்பத்தி நிறுவனத்தில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஆலையின் தேய்மானம் நேரே செலவுக்குப் போவதில்லை. முதலில் சரக்கிருப்பின் அடக்கத்தில் ஏறி, சரக்கு விற்றபிறகுதான் செலவாகிறது. ஜூரோங்கில் ஆலை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டுத் தேய்மானம் 10 மில்லியன் என்றால், ஆண்டு முடிவில் விற்காமல் கிடக்கும் சரக்கில் அதில் 1 மில்லியன் தங்கியிருக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கிலிருந்து 0.6 மில்லியன் இந்த ஆண்டுச் செலவில் வந்திருக்கலாம். அப்போது லாப நட்டக் கணக்கில் இருப்பது 9.6, ரொக்க ஓட்ட அறிக்கை காட்டுவது 10. சரக்கிருப்பு ஏறத்தாழ நிலையாக இருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஆண்டில் இருப்பு இரட்டிப்பானால் பொருட்படுத்துங்கள்.

இனி குத்தகை. சிங்கப்பூரில் இந்தக் கணக்கை அதிகம் புரட்டிப்போட்டது இதுதான். இங்கே கடை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலோ கடைத்தொகுதியிலோ குத்தகை இடத்தில் இருக்கும். ஆலை, அரசின் தொழில்நில அமைப்பான ஜேடிசியின் நிலத்தில் இருக்கும். 2018 வரை வாடகை முழுவதும் இயக்கச் செலவு. 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த எஸ்எஃப்ஆர்எஸ் (ஐ) 16 என்ற சிங்கப்பூர் நிதி அறிக்கைத் தரநிலை, குத்தகையைக் கடனில் வாங்கிய சொத்து மாதிரி நடத்தச் சொன்னது. வாடகை வரி மறைந்தது. அதற்குப் பதிலாக, இடத்தைப் பயன்படுத்தும் உரிமையின் தேய்மானமும் குத்தகைக் கடனின் வட்டியும் வந்தன. இரண்டுமே நம் எண்ணுக்கு வெளியே. ஒரு காசு வாடகை குறையாமலேயே 2019-இல் பல நிறுவனங்களின் 'தேய்மானத்துக்கு முந்தைய செலவு' சரிந்ததும், எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம், அமார்ட்டைசேஷன் ஆகியவற்றைக் கழிக்குமுன் உள்ள லாபம்) உயர்ந்ததும் இதனால்தான். பலர் 2018-இன் எண்களைத் திருத்தவில்லை. தரநிலை அதற்கு இடம் கொடுத்தது. ஆகவே 2018-ஐயும் 2019-ஐயும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பது தவறு.

நம் பேரங்காடிக்கு வருவோம். ரொக்க ஓட்ட அறிக்கையின் நிதிநடவடிக்கைப் பகுதியில் குத்தகைக் கடனின் அசல் திருப்பியது 14.4, குத்தகை வட்டி 1.6 என்று இருக்கிறது. ஆக, கட்டட உரிமையாளர்களுக்குப் போன நிலையான வாடகை 16.0. இதைத் திரும்பச் சேர்த்தால் செலவு 352. வருவாயில் மிஞ்சுவது 64 அல்ல, 48; 16 விழுக்காடு அல்ல, 12 விழுக்காடு. வாடகை கொடுக்காமல் கடை திறக்க முடியாது என்பதால், சில்லறை வியாபாரம், உணவகம், துணைப்பாடநிலையம், மருந்தகம் போன்றவற்றுக்கு இந்த 352-தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் எண். நிறுவனங்கள் விரும்பிக் காட்டுவது 336.

எல்லா வாடகையும் மறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 12 மாதமோ அதற்குக் குறைவோ ஆன குத்தகை, கணினி போன்ற சிறுமதிப்புப் பொருள்களின் குத்தகை இரண்டையும் செலவிலேயே வைத்துக்கொள்ள நிறுவனம் தேர்ந்தெடுக்கலாம். விற்பனையில் இத்தனை விழுக்காடு என்று கொடுக்கும் வாடகையும் செலவிலேயே நிற்கும். கடைத்தொகுதிகளில் அடிப்படை வாடகையோடு மொத்த விற்பனையில் ஒரு பங்கு வாங்குவது இங்கே சகஜம். பராமரிப்புச் சேவைக் கட்டணம், விளம்பரப் பங்களிப்பு ஆகியவை அதற்கு மேல். ஒருவர் வீவக கடையை நிலையான வாடகைக்கு எடுத்திருக்கிறார், இன்னொருவர் கடைத்தொகுதியில் விற்பனைப் பங்கு கொடுக்கிறார் என்றால், இருவரும் ஒரே தொகை கொடுத்தாலும் முதலாமவரின் இயக்கச் செலவு குறைவாகத் தெரியும். குத்தகைக் குறிப்பில் 'குத்தகைக் கடனில் சேர்க்கப்படாத செலவு' என்ற சிறு பட்டியல் இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

அடுத்தது, செலவைச் சொத்தாக எழுதுவது. முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பள்ளிக் கணக்குப்பதிவியலில் படித்த அதே பிரிவுதான், ஆனால் பணம் இங்கேதான் நகர்கிறது. இந்த ஆண்டு 5 மில்லியன் செலவழித்து மென்பொருள் உருவாக்குகிறார்கள் என்று வையுங்கள். அதை ஊழியர் சம்பளம் என்று பதிந்தால் அது இயக்கச் செலவு. உருவாக்கச் செலவு என்று சொத்தில் ஏற்றினால் நம் எண்ணில் அது ஒருநாளும் வராது, பின்னாளில் அமார்ட்டைசேஷனாகத்தான் வரும். தரநிலை நிபந்தனைகள் வைத்திருக்கிறது என்றாலும் தீர்ப்புக்கு இடம் இருக்கிறது. 2021-இல் அனைத்துலகக் கணக்கியல் தரநிலைகளின் விளக்கக் குழு, மேகக்கணினிச் சேவையைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் செலவு பெரும்பாலும் சொத்தாகாது என்று தெளிவுபடுத்தியபோது, முன்பு சொத்தில் இருந்த தொகைகளைப் பல நிறுவனங்கள் செலவுக்கு மாற்ற வேண்டிவந்தது. விமான எஞ்சினின் பெரிய பராமரிப்பு, கப்பலை உலர்துறையில் ஏற்றிப் பழுதுபார்ப்பது ஆகியவையும் பொதுவாகச் சொத்தில் ஏறி, அடுத்த பராமரிப்பு வரை தேய்பவை. பெயர் பராமரிப்பு, கணக்கில் தேய்மானம்.

இது எல்லைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வேர்ல்டுகாம் நிறுவனம் பாடம். பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த அன்றாடக் கட்டணத்தைச் சொத்தாக எழுதிவைத்திருந்தது. 2002 ஜூனில் முதலில் வெளியான தொகையே சுமார் 3.8 பில்லியன் அமெரிக்க டாலர். தேய்மானத்துக்கு முந்தைய செலவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஆகவே ஓர் எளிய சோதனை: சொத்து வாங்கச் செலவிட்ட பணத்தைத் தேய்மானத்தால் வகுத்துப் பாருங்கள், குத்தகைத் தேய்மானத்தை விட்டுவிட்டு. ஐந்து ஆண்டாக அது 1-க்கு மேலேயே ஏறிக்கொண்டிருக்க, கடைகளோ ஆலைகளோ கூடவில்லை என்றால், செலவு எங்கோ சொத்தாக மாறிக்கொண்டிருக்கலாம்.

ஊழியர் செலவு பல நிறுவனங்களில் இந்த எண்ணின் மிகப்பெரிய பகுதி. ஆகவே ஊழியரும் முதலாளியும் செலுத்தும் மத்திய சேம நிதியின் மாற்றங்கள் நேரே இதில் தெரியும். சேம நிதி கணக்கிடப்படும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2023 ஆகஸ்ட் வரை 6,000 வெள்ளி. செப்டம்பரில் 6,300, 2024-இல் 6,800, 2025-இல் 7,400, 2026 ஜனவரியில் 8,000. 55 வயது வரையிலான ஊழியருக்கு முதலாளி பங்கு 17 விழுக்காடு. மாதம் 8,000 வாங்குபவருக்கு உச்சவரம்பு 2,000 கூடியதால் முதலாளிக்கு மாதம் 340 வெள்ளி, ஆண்டுக்கு 4,080 வெள்ளி கூடும் என்று ஆய்வறிக்கைகள் பெருக்கிவிடுவது உண்டு. போனஸ் இல்லாதவருக்குத்தான் அது சரி. போனஸையும் சேர்த்து, சேம நிதி கணக்கிடப்படும் ஆண்டு ஊதியத்தின் வரம்பு 102,000 வெள்ளியில் மாறாமல் நிற்கிறது. இரண்டு மாத போனஸ் வாங்குபவருக்கு முன்பு 72,000-உம் 16,000-உம் சேர்த்து 88,000-க்குச் சேம நிதி. இப்போது வரம்பான 102,000-க்கு. வேறுபாடு 14,000, அதில் 17 விழுக்காடு 2,380 வெள்ளி மட்டுமே. ஆயிரம் ஊழியருக்குப் பெருக்கும்போது இந்த வேறுபாடு 1.7 மில்லியன்.

ஊழியர் பங்குத் திட்டச் செலவு பணமாகப் போவதில்லை என்பதற்காக அதையும் சிலர் கழிப்பார்கள். கழிக்காதீர்கள். அது சம்பளம், பங்குதாரர் கையிலிருந்து போகிறது.

அரசு மானியத்தை எங்கே எழுதுகிறார்கள் என்பதும் எண்ணை மாற்றும். 2020, 2021-இல் வேலை ஆதரவுத் திட்டத்தின்கீழ் உள்ளூர் ஊழியரின் முதல் 4,600 வெள்ளி மாத ஊதியத்தில் ஒரு பங்கை, உச்சத்தில் 75 விழுக்காட்டை, அரசாங்கம் கொடுத்தது. தரநிலை இரண்டு வழிக்கும் இடம் தருகிறது: இதர வருமானமாகக் காட்டலாம், அல்லது ஊதியச் செலவில் கழித்துக் காட்டலாம். கழித்துக் காட்டியவரின் செலவு 2020-இல் வியக்கத்தக்க வகையில் இறங்கி 2022-இல் எகிறியதுபோல் இருக்கும்; மற்றவரின் செலவு நேர்க்கோடு. இரண்டு நிறுவனத்திலும் நடந்தது ஒன்றே. ஊழியர் செலவுக் குறிப்பில் மானியத் தொகை எழுதியிருக்கும். அதைத் திரும்பக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

சொத்து யாருடையது என்பது மாறினாலும் எண் மாறும். பேருந்தும் ரயிலும் ஓட்டும் எஸ்பிஎஸ் டிரான்சிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடக்கு-கிழக்கு ரயில் பாதையும் செங்காங்-பொங்கோல் இலகு ரயிலும் 2018 ஏப்ரல் 1 முதல் புதிய ரயில் நிதிமுறைக்கு மாறியபோது, ரயில் இயக்கச் சொத்துகள் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் போயின. நிறுவனம் உரிமக் கட்டணம் கொடுப்பதாக ஆனது. சொந்தச் சொத்துக்கு எழுதிவந்த தேய்மானம் நம் எண்ணுக்கு வெளியே இருந்தது. உரிமக் கட்டணமோ உள்ளே வருகிறது. பேருந்துகளிலும் 2016 செப்டம்பர் 1-இல் தொடங்கிய ஒப்பந்த முறையில் சொத்து பெரும்பாலும் ஆணையத்துடையது, நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம். இத்தகைய மாற்றத்தின்போது தேய்மானத்துக்கு முந்தைய செலவு மட்டும் கூடியதைப் பார்த்து நிர்வாகம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினால் தவறு. இங்கே தேய்மானத்துக்குப் பிந்தைய எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

எரிபொருளில் ஒரு சின்ன எச்சரிக்கை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் காட்டும் நிகர எரிபொருள் செலவில், எரிபொருள் விலையை முன்கூட்டியே பூட்டிவைக்கும் விலைக்காப்பு ஒப்பந்தத்தின் லாபமோ நட்டமோ ஏற்கெனவே கலந்திருக்கும். எண்ணெய் விலை ஏறிய ஆண்டில் செலவு அவ்வளவாக ஏறாமல் இருந்தால் அது சிக்கனம் அல்ல, காப்பு. காப்புக்கு முந்தைய எரிபொருள் செலவை நிதிநிலை அறிவிப்பில் தனியாகச் சொல்கிறார்கள்.

சில துறைகளில் இந்த எண்ணையே தூக்கிப் போட்டுவிடலாம். வங்கிகளுக்கு வட்டிதான் சரக்கு; அங்கே செலவு-வருமான விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். சொத்து முதலீட்டு அறநிதிகள், அதாவது ரீட்கள், முதலீட்டுக் கட்டடங்களைச் சந்தை மதிப்பில் வைத்திருப்பதால் அவற்றுக்குத் தேய்மானமே எழுதுவதில்லை. சொத்து வரி, பயனீட்டுக் கட்டணம், பராமரிப்பு ஆகியவை போன பிறகு வரும் நிகர சொத்து வருமானம்தான் அங்கே அளவுகோல். சிங்டெல் போல வெளிநாட்டு இணை நிறுவனங்களில் பெரும்பங்கு லாபம் வரும் இடத்தில், இந்தியாவின் ஏர்டெல்லின் செலவோ இந்தோனீசியாவின் தெல்கொம்செல்லின் செலவோ சிங்டெல்லின் இயக்கச் செலவில் இல்லை. லாபத்தின் பங்கு மட்டும் ஒரே வரியில் வரும்.

எண்ணைக் கண்டுபிடித்தாயிற்று, அதை வைத்து என்ன செய்வது? விற்பனையோடு சேர்ந்து நடப்பதையும் நடக்காததையும் பிரியுங்கள். நம் 336-இல் சரக்கடக்கம் 276.5, மீதி 59.5. அடுத்த ஆண்டு வருவாய் 5 விழுக்காடு கூடி 420 ஆகிறது. 276.5-உம் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடி 290.3 ஆவது இயல்பு. 59.5-இல் தலைமை அலுவலகமும் கணினியும் தணிக்கைக் கட்டணமும் இருப்பதால் அது 5 விழுக்காட்டுக்குக் குறைவாகக் கூட வேண்டும். அது 63.0 ஆகியிருந்தால் 5.9 விழுக்காடு. உடனே பழிபோட வேண்டாம். ஆண்டின் கடைசிக் காலாண்டில் நான்கு கடை திறந்திருந்தால் ஊழியரும் மின்சாரமும் ஏற்கெனவே வந்துவிட்டன, முழு ஆண்டு விற்பனை இன்னும் வரவில்லை. கடை எண்ணிக்கை மாறாமல் இது நடந்திருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அரையாண்டு அறிக்கையிலும் இதே கணக்கைப் போடலாம். 2020 பிப்ரவரி 7 முதல் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் காலாண்டு அறிக்கை கட்டாயமில்லை. அரையாண்டு முடிவு 45 நாளுக்குள்ளும் முழு ஆண்டு முடிவு 60 நாளுக்குள்ளும் வர வேண்டும். சுருக்க அறிக்கையில் குறிப்புகள் குறைவு, ஆனால் ரொக்க ஓட்ட அறிக்கை இருக்கும். லாபத்தில் கழிக்கப்பட்ட முக்கியத் தொகைகளின் பட்டியலும் இருக்கும். தேய்மானத்தை அங்கிருந்து எடுங்கள். நிறுவனமே 'சரிசெய்த எபிட்டா' என்று ஒன்றைக் கொடுத்தால், நீங்கள் போட்ட 70-க்கும் அதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வரிவரியாக எழுதுங்கள். 'ஒருமுறைச் செலவு' என்று விலக்கப்பட்டது மூன்றாவது ஆண்டாகவும் வந்தால் அது வழக்கமான செலவு.

இந்த வேலை விரைவில் கொஞ்சம் எளிதாகும். 2027 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு எஸ்எஃப்ஆர்எஸ் (ஐ) 18 வருகிறது. இயக்க லாபம் என்பது எல்லாரும் காட்ட வேண்டிய, வரையறுக்கப்பட்ட வரியாகிறது. எபிட்டாவுக்கு அது வரையறை தரவில்லை. ஆனால் தேய்மானம், அமார்ட்டைசேஷன், சொத்து மதிப்பிழப்பு ஆகியவற்றுக்கு முந்தைய இயக்க லாபம் என்ற வரியைக் குறிப்பிட்டே அங்கீகரிக்கிறது. நாம் மேலே கணக்கிட்ட 70 ஏறத்தாழ அதுதான். வேலைப்படி செலவைக் காட்டும் நிறுவனங்கள், அடக்கவிலையில் எவ்வளவு தேய்மானம், நிர்வாகச் செலவில் எவ்வளவு என்று ஒரே குறிப்பில் பிரித்துச் சொல்ல வேண்டும், 3.5 மில்லியனைத் தேடும் வேலை இனி இருக்காது. அந்தத் தொகையில் சரக்கிருப்புக்குப் போன பகுதியும் கலந்திருக்கலாம், கலந்திருந்தால் நிறுவனம் அதைச் சொல்ல வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மார்ச்சில் ஆண்டு முடியும் சிங்டெல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றுக்கு இது 2027 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டிலிருந்து. முதல் ஆண்டு அறிக்கையில் முந்தைய ஆண்டின் எண்களையும் புது வடிவில் திருத்தித் தருவார்கள். ஒப்பிட அந்தத் திருத்திய எண்களையே எடுங்கள். பழைய அறிக்கையின் எண்ணைப் பக்கத்தில் வைத்தால், இடம் மட்டும் மாறிய செலவு கூடியதாகவோ குறைந்ததாகவோ தெரியும்.